செபத்தைக் கூட்டும் முன்: வேலையும் வீடுமாக இருந்துகொண்டே பரிசுத்தம் தேடும் கத்தோலிக்கருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று நாள் தியானம் முடிந்து வந்த ஞாயிறு இரவு, ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். தினமும் காலை ஐந்தரைப் பூசை. 153 மணிச் செபமாலை. புதனும் வெள்ளியும் ஒருசந்தி விரதம். விவிலியத்தில் தினம் ஐந்து அதிகாரம். டிவி கிடையாது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உள்ள வீட்டையும் பார்த்துக்கொள்கிற ஒருத்தி போடக்கூடிய பட்டியலா அது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. பதினோராவது நாள் சாயங்காலம், அடுப்பில் பால் பொங்கி வழிகிறது என்று அத்தை சொல்ல வந்தபோது, கையில் செபமாலையோடு, "நான் செபத்துல இருக்கறது உங்களுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன். "தியானத்துக்குப் போறதுக்கு முன்னாடி நீ நல்லாத்தான் இருந்தே" என்றார் என் வீட்டுக்காரர்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் தட்டுத்தடுமாறியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். ஞானஸ்நானம் வாங்கிய, வேலைக்குப் போகிற, குடும்பம் இருக்கிற கத்தோலிக்கப் பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களுக்கு, இது. வேறு சபைகளில் இருப்பவர்களுக்கு 2, 3, 6, 7 பொருந்தாது. மற்றவை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

1. ஒரு வாரம் எதையும் சேர்க்காதீர்கள்; எழுதுங்கள்

புதுச் செபம், புது விரதம் எதுவும் வேண்டாம். ஒரு சின்ன நோட்டு போதும். தினமும் தூங்கும் முன் மூன்று விஷயம் எழுதுங்கள்: இன்று யாரிடம், எத்தனை மணிக்குக் கோபப்பட்டேன்; எதில் பொய் சொன்னேன்; யாருக்கு என்ன தரவேண்டியிருக்கிறது. கடைசியில் உள்ளது பணமாக இருக்கலாம், ஒரு மன்னிப்பாக இருக்கலாம், திருப்பித் தராத குக்கராகவும் இருக்கலாம். பெயர்களை முழுதாக எழுதாதீர்கள். நோட்டு யார் கையில் சிக்கும் என்று சொல்ல முடியாது.

என் நோட்டில் தெரிந்தது இது: கோபம் எல்லாமே காலை ஆறரைக்கும் ஏழே முக்காலுக்கும் நடுவில். அந்த நேரத்தில்தான் மூன்று டிபன் பாக்ஸ், ஒரு பள்ளி வேன், என் குளியல் எல்லாம். இரவே காய் நறுக்கி வைக்க ஆரம்பித்தேன். அது குறைத்த அளவுக்கு என் கோபத்தை 153 மணி குறைக்கவில்லை. இதைச் சொல்வதால் செபமாலையை இளக்காரம் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். எந்த நேரத்தில் விழுகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு செபித்தாலும், மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்தில்தான் விழுவோம்.

2. காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

பரிசுத்தத்துக்கும் சான்றிதழுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நான் உறுதிபூசுதல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஆயர் கொடுக்கும் அருள்சாதனம்) வாங்கவே இல்லை என்பது முப்பத்தாறு வயதில்தான் தெரியவந்தது. ஊரில் ஆயர், அதாவது பிஷப், வந்த வருடம் எனக்கு அம்மை போட்டிருந்ததாம். அப்புறம் எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

முதல் வேலை, நீங்கள் இப்போது குடியிருக்கும் இடம் எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று கேட்டு, அங்கே குடும்பத்தைப் பதிவுசெய்வது. வேலைக்காக ஊர் மாறியவர்களில் பலர் பத்து வருடமாக எந்தப் பங்கிலும் இல்லாமல் இருக்கிறார்கள். பூசைக்கு மட்டும் வந்துபோவார்கள். பதிவு இருந்தால்தான் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) கூப்பிடுவார்கள். வீட்டில் யாருக்காவது முடியாமல் போனால் நற்கருணை கொண்டுவரச் சொல்ல முடியும். பழைய பங்கிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். ஊரில் சந்தாவோ தலைக்கட்டு வரியோ பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் கடிதம் கேட்கும்போது அந்தப் பேச்சு வந்தே தீரும்.

அடுத்தது திருமுழுக்குச் சான்று, அதாவது ஞானஸ்நானச் சான்று. அதன் மூலப் பதிவேடு நீங்கள் ஞானஸ்நானம் வாங்கிய பங்கில்தான் இருக்கும். பின்னால் வாங்கும் உறுதிபூசுதலும் திருமணமும் அதே பதிவில்தான் குறிக்கப்படும். கேட்கும்போது பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி, ஞானத்தாய் தந்தை பெயர், தோராயமாக எந்த மாதம் ஞானஸ்நானம் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதிவேட்டுப் பெயரும் பள்ளிச் சான்றிதழ்ப் பெயரும் ஒன்றாக இருக்காது என்பதற்குத் தயாராக இருங்கள். என் பெயருக்கு முன்னால் பதிவேட்டில் ஒரு 'மரிய' இருந்தது. அதனால் முதலில் "அப்படி ஒருத்தரும் இல்லையே" என்ற பதில்தான் கிடைத்தது. அம்மா பெயரை வைத்துத் தேடிய பிறகுதான் அகப்பட்டது. இன்னொன்று, போன் செய்யாமல் போகாதீர்கள். நான் ராத்திரி பஸ் பிடித்துத் தூத்துக்குடிப் பக்கம் ஊருக்குப் போய் இறங்கினால், பங்குச்சாமி குருக்களுக்கான தியானத்துக்குப் போயிருந்தார். கையெழுத்துப் போட ஆள் இல்லை. ஒரு நாள் சம்பளமும் போய்வந்த பஸ் காசும் வீண்.

உறுதிபூசுதல் வாங்காதவர்கள் பங்குத்தந்தையிடம் நேராகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆயர் பங்குக்கு வரும் நாளைப் பொறுத்துச் சில மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். நடுவில் மறைக்கல்வி வகுப்பு உண்டு. ஞானப்பெற்றோர் ஒருவர் வேண்டும்: 16 வயது முடிந்தவராக, தானே உறுதிபூசுதல் வாங்கியவராக இருக்கவேண்டும். பெற்ற அம்மா அப்பா அந்த இடத்தில் நிற்க முடியாது.

பதிவுத் திருமணம் மட்டும் செய்துகொண்டவர்கள் செய்யும் பெரிய தவறு, "நாம்தான் நன்மை (நற்கருணை) வாங்க முடியாதே" என்று பூசையையே விட்டுவிடுவது. பூசைக்கு வாருங்கள். நன்மை வாங்குவது திருமணத்தைத் திருச்சபையில் சரிசெய்யும் வரை காத்திருக்கும், அவ்வளவுதான். இதற்குப் புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்று (ஆறு மாதத்துக்குள் எடுத்தது என்று கேட்பார்கள்), வேறு திருமணத் தடை இல்லை என்ற பங்குக் கடிதம், பதிவுத் திருமணச் சான்றின் நகல், போட்டோ, இரண்டு சாட்சிகள் வேண்டும். துணைவர் ஞானஸ்நானம் வாங்காதவர் என்றால் பங்குத்தந்தை வழியாக ஆயரின் அனுமதி வரவேண்டும், அதற்குச் சில வாரம் ஆகும். அவர் மதம் மாறியே ஆகவேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள். அனுமதி இருந்தால் அவர் அவராகவே இருக்கலாம். ஓலை வாசிக்க (திருமண அறிவிப்பைக் கோயிலில் வாசிக்க) வேண்டுமா என்பதைப் பங்குத்தந்தை சொல்வார். முன்பு ஒரு திருமணம் ஆகி முறிந்திருந்தால் விஷயம் மறைமாவட்ட நீதிமன்றம் வரை போகும், நாளாகும். அதற்கும் முதல் படி அதே பங்குத்தந்தைதான்.

3. பாவசங்கீர்த்தனம்: எப்போது, எங்கே, என்ன சொல்வது

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை இப்போது ஒப்புரவு அருள்சாதனம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இன்னும் பாவசங்கீர்த்தனம்தான்.

நேரம் முக்கியம். புனித வாரத்தில் போகாதீர்கள். வரிசை கோயில் வாசல் வரை நிற்கும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். பல வருடம் கழித்துப் போகிறவர்கள் சாதாரண வார நாளில், சாயங்காலப் பூசைக்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள். இன்னும் நல்லது, முதல் நாளே பங்குத்தந்தையிடம் "நாளாச்சு சாமி, கொஞ்சம் நேரம் வேணும்" என்று சொல்லி ஒரு நேரம் வாங்கிக்கொள்வது. தெரிந்த சாமியாரிடம் வாய் வரவில்லையென்றால் அடுத்த பங்குக்குப் போகலாம், தடையில்லை. வேளாங்கண்ணி, பூண்டி போன்ற திருத்தலங்களில் உங்களை யாருக்கும் தெரியாது. போனில் செய்தால் செல்லாது.

செலவு ஒன்றும் கிடையாது. கேட்டதை வெளியே சொல்ல எந்தக் குருவுக்கும் உரிமை இல்லை. சொன்னால் திருச்சபைச் சட்டப்படி மிகக் கடுமையான தண்டனை, அதாவது சபை விலக்கு.

உள்ளே போனதும் சிலுவை அடையாளம் போட்டு, கடைசியாகச் செய்து எத்தனை வருடம் ஆகிறது என்று சொல்லுங்கள். பிறகு பெரிய பாவங்களை என்ன, தோராயமாக எத்தனை முறை என்று சொன்னால் போதும். மனத்துயர் செபம் மறந்துவிட்டதா? ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். தாளைப் பார்த்து வாசித்ததற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அடுத்தவர் பாவத்தைச் சொல்வது. என் முதல் பாவசங்கீர்த்தனத்தில் பாதி என் அத்தையைப் பற்றித்தான். பொறுமையாகக் கேட்ட அந்த வயதான சாமி, "அவங்க பாவத்தை அவங்க வந்து சொல்வாங்கம்மா. உங்களுது என்ன?" என்றார். இரண்டாவது, பட்டியலைப் பூசி மெழுகுவது. "சின்னச் சின்னப் பொய்கள் சொன்னேன்" என்றேன். "எங்கே?" என்று கேட்டார். ஆபீஸில் என்றேன். "பணம் சம்பந்தமாகவா?" என்று கேட்டார். அங்கேதான் நான்காவது படி ஆரம்பித்தது.

4. தரவேண்டியதைத் தந்து தீருங்கள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தியானத்திலும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இதைத் தாண்டாமல் மேலே போக முடியாது என்பது என் அனுபவம். காணிக்கை கொடுக்க வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்று மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. சக்கேயு வீட்டில் இயேசு நுழைந்ததும் சக்கேயு பேசியது செபத்தைப் பற்றி இல்லை, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவது பற்றி.

என் விஷயம் இதுதான். வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் போய்வர ஆபீஸில் பயணப்படி உண்டு. பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று எழுதுவேன். எல்லாரும் செய்வதுதான். நான் கணக்கு எழுதுகிறவள் ஆகையால் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நினைவில் இருந்த வரை 8,400 ரூபாய் வந்தது. சாமியிடம் கேட்டேன், "முதலாளிகிட்ட போய்ச் சொல்லணுமா?" "உங்க பேரைக் கெடுத்துக்கணும்னு கட்டாயம் இல்லை. பணம் அவர்கிட்ட திரும்பிப் போகணும், அதுதான் கட்டாயம்" என்றார். அன்றிலிருந்து எனக்கு நியாயமாக வரவேண்டிய பயணப்படியைக் கேட்காமல் விட்டேன். ஒவ்வொரு முறையும் நோட்டில் கழித்துக்கொண்டு வந்தேன். பதினொரு மாதம் ஆனது.

உங்கள் பாக்கிக்குச் சில வழிகள்:

பணம் என்றால், யாருக்கோ அவருக்கே. உண்டியலில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பது வசதியான கற்பனை. ஆள் இறந்துவிட்டால் அவர் வாரிசுக்கு. தேடியும் யாரென்று தெரியாவிட்டால்தான் ஏழைகளுக்கு. மொத்தமாக முடியாது என்றால் தவணையில் கொடுங்கள், ஆனால் தேதி போட்டு.

பேச்சு என்றால் கொஞ்சம் கடினம். ஒருவரைப் பற்றித் தப்பாகச் சொல்லியிருந்தால், சொன்ன அதே ஆட்களிடம் போய், "நான் அன்னிக்குச் சொன்னது சரியில்லை" என்று சொல்லவேண்டும். அன்பியக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி நான் சொன்ன ஒன்றை ஆறு பேரிடம் திருத்தினேன். ஏழாவது ஆள் வேறு ஊர் போய்விட்டாள். அது அப்படியே நிற்கிறது.

சொந்தத்தில் பேச்சுவார்த்தை இல்லை என்றால் முதலில் ஒரு போன். "நல்லா இருக்கீங்களா?" அது போதும். பழைய கணக்கை அந்த முதல் போனில் எடுக்காதீர்கள். நாத்தனாரிடம் நான் அதை எடுத்து, மறுபடி நான்கு மாதம் பின்னால் போனேன். சொத்து வழக்கு நடக்கிறதென்றால் வழக்கை வாபஸ் வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. நியாயத்தைக் கேட்கலாம். வழக்கு நடக்கும்போதே அவர்கள் வீட்டுச் சாவுக்குப் போக முடிகிறதா என்று பாருங்கள்.

வீட்டுவேலைக்கு வருபவர்களின் சம்பளத்தையும் இங்கேயே பாருங்கள். ஒன்றாம் தேதி என்றால் ஒன்றாம் தேதி. லீவு போட்டதற்குக் கழித்துக்கொண்டு ஞாயிறன்று காணிக்கை போடுவதைப் பற்றி யாக்கோபு கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு நாளுக்கு இருபது நிமிடம்

பாக்கியில் கொஞ்சமாவது நகர்ந்த பிறகு செபத்துக்கு வாருங்கள். எனக்கு நிற்பது இந்த அளவுதான்.

காலை, போனைத் தொடும் முன் பத்து நிமிடம். ஒரு திருப்பாடல், அன்றைய நற்செய்தி. அன்றைக்கு எந்தப் பகுதி என்பது கோயிலில் விற்கும் திருவழிபாட்டு நாள்காட்டியில் இருக்கும். படித்த பிறகு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். முதல் மாதம் அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு இட்லி மாவு நினைவுதான் வந்தது. பரவாயில்லை, இருங்கள்.

நடுவில் மூவேளை செபம், காலை, நண்பகல், மாலை என்று மாதாவை நினைத்துச் சொல்லும் சின்னச் செபம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆபீஸில் உதடு அசையாமல் சொல்லலாம்.

இரவு ஏழெட்டு நிமிடம் ஆன்ம சோதனை. புனித இஞ்ஞாசியார் காட்டிய வரிசையே எளிது: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, காலையிலிருந்து நாளை ஓட்டிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தைத் தீர்மானிப்பது. படுத்துக்கொண்டு செய்தால் இரண்டாவதிலேயே தூங்கிவிடுவீர்கள்.

செபமாலையை எங்கள் வீட்டில் குடும்பமாகச் சொல்கிறோம். 153 மணி இல்லை, ஐம்பத்து மூன்று மணிதான்; அதற்கு இருபது நிமிடம் ஆகும். பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றால் பத்து மணிகளைச் சொல்வதோடு முடித்துக்கொள்வோம். அத்தைதான் முன்சொல்வார். அவர் வேகத்துக்கு மற்றவர்கள் ஓடவேண்டும்.

"இதைப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினால் நாளை நல்ல செய்தி வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவது செபம் இல்லை. உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

6. ஞாயிறு

ஞாயிறு பூசை கடமை. சனி சாயங்காலத் திருப்பலியும் கணக்கில் வரும். நன்மை வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர், மருந்து தவிர எதுவும் சாப்பிடக்கூடாது. பெரிய பாவம் மனதில் இருந்தால் முதலில் படி 3. வார நாள் பூசைக்கு ஆசை இருந்தால் வாரம் ஒன்றில் ஆரம்பியுங்கள். எனக்கு அது வியாழன் சாயங்காலம், அன்று வீட்டில் உப்புமா.

7. ஒருசந்தி, சுத்தபோசனம்

இதில் ஊருக்கு ஒரு சட்டம் சொல்வார்கள். திருச்சபைச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான். ஒருசந்தி வருடத்தில் இரண்டு நாள்: சாம்பல் புதன், புனித வெள்ளி. 18 வயது முடிந்தவர் முதல் 59 வயது முடியும் வரை. ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை லேசாக. அந்த இரண்டு நாளும் சுத்தபோசனமும் உண்டு, அதாவது இறைச்சி கிடையாது. இது 14 வயது முடிந்ததிலிருந்து. மற்ற வெள்ளிக்கிழமைகளும் தவ நாள்கள்தான். உங்கள் மறைமாவட்டத்தில் அன்றைக்கு என்ன வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கட்டாயம் இல்லை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் வீம்புக்குப் பட்டினி கிடக்காதீர்கள். 2027இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. சம்பந்தி வீட்டு விருந்தை நடுவில் போடாமல் இருக்கத் தேதி உதவும்.

வெள்ளிக்கிழமை கோழிக்குப் பதில் வஞ்சிரம் வறுவல் வாங்கினால் சட்டம் மீறவில்லை, சிரிப்புதான் வருகிறது. எங்கள் ஊர் கடற்கரை. மீன் எங்களுக்குத் தினப்படிச் சாப்பாடு. அங்கே பாட்டி வெள்ளிக்கிழமை மீனையும் விட்டு, மிச்சக் காசை ஒரு டப்பாவில் போடுவார். அந்தக் காசு புனித வாரத்தில் யாருக்குப் போனது என்று அவர் சொன்னதே இல்லை.

8. வீடும் வேலையும்தான் இடம்

புனிதர் என்றால் துறவி, இல்லையென்றால் கன்னியாஸ்திரி என்ற எண்ணம் நமக்கு. பொதுநிலையினர் உட்பட எல்லாருக்கும் பரிசுத்த வாழ்வுக்கு அழைப்பு உண்டு என்பதற்கே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஒரு முழு அதிகாரம் ஒதுக்கியது. நம் நட்டாலம் தேவசகாயம் திருமணமானவர், திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியது அன்றைக்கு அவர்மேல் இருந்த கோபங்களில் ஒன்று. அவர் படத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, மகளுக்கு வரன் பார்க்கும்போது "நம்ம ஆளுங்களா?" என்று முதலில் கேட்கிறோம். நானும் தங்கை விஷயத்தில் கேட்டேன். என் நோட்டில் இன்னும் அடிக்காத வரி அது.

வேலையிடத்தில் நான் வைத்திருப்பது இரண்டே விதி. ஒருவர் இல்லாதபோது அவரைப் பற்றிச் சொல்வதை, அவர் உள்ளே வந்தாலும் தொடர்ந்து சொல்ல முடியவேண்டும். தேதி மாற்றி வவுச்சர் எழுதச் சொன்னால் முடியாது என்று சொல்வது. இரண்டாவதால் ஒரு வருடம் சம்பள உயர்வு போனது. போகும் என்று தெரிந்தே செய்யுங்கள், அப்புறம் கடவுளிடம் புலம்பாதீர்கள்.

வீட்டில், செபத்தில் இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் எழுந்து போங்கள். பால் பொங்குகிறது என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து தொடரலாம்.

9. செலவு

நோட்டுக்கு இருபது ரூபாய். திருவிவிலியம் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பு சில நூறு ரூபாய்க்குள் முடியும். மறைமாவட்டப் புத்தக நிலையங்களில் கிடைக்கும். கண் மங்கியவர்கள் பெரிய எழுத்துப் பதிப்பு கேளுங்கள். செபமாலைக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள், பிள்ளைகள் அறுத்துவிடுவார்கள். பூசைக் கருத்துக்கான காணிக்கை எவ்வளவு என்பதை ஆயர்கள் நிர்ணயிக்கிறார்கள். பங்கு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். காசு இல்லை என்றாலும் ஏழைகளின் கருத்துக்காகக் குருக்கள் பூசை செய்யவேண்டும் என்று சட்டமே வலியுறுத்துகிறது, அதனால் கேட்கத் தயங்காதீர்கள். தியானத்துக்குச் சாப்பாடு, தங்குமிடத்துக்கு வாங்குவார்கள், நியாயம். விசேஷ ஆசீர்வாதம், சாபம் முறித்தல் என்று தனியாகத் தொகை கேட்கும் இடம் எதுவானாலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

10. விட்டுப்போன நாள்

விட்டுப்போகும். காய்ச்சல், கணக்கு முடிக்கும் மார்ச் மாதம், ஊர்த் திருவிழா, ஒன்றுமே இல்லாத சோம்பல். விட்டுப்போன செபத்தை மறுநாள் சேர்த்துச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை நான்கு நாள் செபமாலையை ஒரே இரவில் சொல்லி அடைக்கப் பார்த்தேன். மறுநாள் ஆபீஸில் மேசைமேல் தூங்கினேன். செபத்தில் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது கிடையாது, இன்றைக்கு இன்றையது. மனிதர்களுக்குத் தரவேண்டியதை மட்டும் ஒரு வரி விடாமல் அடுத்த பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் இப்படிப் போன பிறகு, மாதம் ஒருமுறை பேச ஒரு குருவையோ அருட்சகோதரியையோ தேடிக்கொள்ளலாம். பொதுநிலையினருக்கான பிரான்சிஸ்கன் மூன்றாம் சபை போன்றவற்றில் சேர ஆசை இருந்தால் அதையும் அப்போது கேளுங்கள், முதல் வருடத்தில் வேண்டாம்.

பாவசங்கீர்த்தனத்துக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறித்துவைப்பது நல்லது. முதல் வெள்ளி பலருக்கு வசதி, அன்று நற்கருணை ஆராதனையும் இருக்கும். எங்கள் வீட்டில் சமையலறை நாள்காட்டியில் சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டுவைக்கிறேன். போன மாதம் மறந்துபோனேன். "இன்னிக்கு உன் சிலுவை போட்ட நாளாச்சே, போகலையா?" என்று கேட்டது அத்தைதான். அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், ஆறு மணிப் பூசைக்குக் கிளம்பினேன்.